காலை ஷிஃப்ட்டின் வெற்று வரிகள்

காலை ஏழரை மணிக்கு குவாலிட்டி மேனேஜர் போன் செய்தபோது நான் தாம்பரம் மேற்கில் நான் வேலை செய்யும் கம்ப்யூட்டர் கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். ஒரு கையில் ஷட்டர், ஒரு கையில் போன்.

“மேடம், நீங்க வெச்ச புது கம்ப்யூட்டர் ஒழுங்காதானே ஓடுது?”

“ஒழுங்காதான் சார் ஓடுது.”

“அப்ப சரி. அந்தம்மாதான் பொய் சொல்லுது. எதுக்கும் நீங்க ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போயிடுங்க. ரெண்டரைக்குள்ள முடிக்கணும்.”

யோசிக்காமல் சொன்ன பதில் அது. என் வேலையைப் பற்றி யார் சந்தேகமாகக் கேட்டாலும் என் வாய் அப்படித்தான் பேசும். பதினோரு வருடமாக கம்ப்யூட்டர் பராமரிக்கிற தொழிலில் இருக்கிறேன். பெண் என்பதால் எங்கே போனாலும் முதல் சந்தேகம் என் மேல்தான். அதனால் யாரும் கேட்பதற்கு முன்பே பதிலைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். அன்று அந்தப் பழக்கம் இன்னொருத்தி தலையில் போய் விழுந்தது.

விஷயம் இதுதான். மறைமலை நகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலை. கார் பிரேக் குழாயின் முனையில் மாட்டும் பித்தளைத் துண்டு செய்கிறார்கள். ஐம்பது துண்டு சேர்ந்தால் ஒரு ட்ரே. ஒவ்வொரு துண்டையும் அளவு மிஷினில் வைத்து உள்விட்டம் பார்க்க வேண்டும். காலை ஷிஃப்ட்டில் அதைச் செய்பவர் ஒரு அக்கா. ஊரப்பாக்கத்திலிருந்து வருகிறவர், ஒன்பது வருடமாக கான்ட்ராக்ட். மற்ற இரண்டு ஷிஃப்ட்டிலும் ஆண்கள். மிஷின் தன் அளவுகளை ஒரு கோப்பாகக் கட்டி அடுத்த அறையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அங்கே ஓடும் நிரல் அதைப் பிரித்து ரிப்போர்ட் அடிக்கும். அந்தக் கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது என்று எட்டு நாளைக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதியதை வைத்தவள் நான்.

மறுநாள் திங்கள் முதல் சனி வரை ஆறு நாள். காலை ஷிஃப்ட்டின் எல்லா ட்ரேயும் ரிப்போர்ட்டில் வெற்று வரி. ட்ரே எண் இருக்கிறது, அளவு இல்லை. மற்ற இரண்டு ஷிஃப்ட்டும் அழகாக வந்திருந்தன. வெற்று வரியைப் பார்த்த சூப்பர்வைசர்கள் முதல் நாளிலிருந்தே அந்த அக்காவைத்தான் கேட்டிருக்கிறார்கள். மேனேஜர் கைக்கும் வெளியிலும் ரிப்போர்ட்டுகள் வாரக் கடைசியில்தான் சேர்ந்து போகும். வாங்குகிற கார் கம்பெனி அதைப் பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டது. அந்த அக்கா அளக்காமலே ட்ரேயைத் தள்ளிவிட்டிருக்கிறார் என்று மேனேஜர் முடிவு செய்துவிட்டார்.

பிரேக் சாமானில் இது சின்னக் குற்றம் இல்லை. இரண்டரைக்கு ஷிஃப்ட் முடியும்போது ‘சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்’ என்று எழுதி வாங்கிக்கொண்டு கேட் பாஸைப் பிடுங்கிவிடுவார்கள். அளவில் மோசடி செய்தவள் என்று கான்ட்ராக்டர் நாலு இடத்தில் சொன்னால் போதும், அந்த இன்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேறு எந்த கேட்டும் திறக்காது.

அந்த நிரல் பைத்தான் மொழியில் எழுதியது. நிரல் என்பது எழுதி வைத்த தாள். அதை வாசித்து, சொன்னபடி செய்கிற ஆள்தான் இன்டர்ப்ரெட்டர். பழைய கம்ப்யூட்டரில் இருந்தது பைத்தானின் இரண்டாம் பதிப்பு. புதியதில் மூன்றாம் பதிப்பு மட்டும்தான் கிடைக்கும். அதனால் மூன்று நாள் உட்கார்ந்து நிரலைப் புதிய பதிப்புக்கு மாற்றி எழுதினேன். பழைய டிஸ்க்கைத் துடைத்து ஸ்கிராப்புக்கு அனுப்பியதும் நான்தான். அங்கே விதி அப்படி. பழைய நிரலை மட்டும் ஒரு ஃபோல்டரில் விட்டுவைத்திருந்தேன். தாள் இருந்தது. அதை வாசிக்கும் ஆள்தான் இல்லை.

நல்லவேளையாக பைத்தானின் மூலநிரலை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். பழைய பதிப்பையும் எடுக்கலாம். மூலநிரலை ஓடுகிற நிரலாக மாற்றும் கம்பைலர் ஒன்று கையில் இருந்தால் இன்டர்ப்ரெட்டரை நாமே கட்டிக்கொள்ளலாம். எதற்கும் இருக்கட்டும் என்று கடையில் அதை ஒரு பென் டிரைவில் இறக்கிக்கொண்டு மின்சார ரயிலைப் பிடித்தேன்.

கேட்டில் செக்யூரிட்டி அண்ணன் பென் டிரைவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா மேடம், போன வாரம் ஞாயித்துக்கெழம தானே வந்த?”

“கூப்டாங்க, வந்தேன். எழுதிக்கோங்கண்ணா.”

“ஒரு தபா தான் உள்ள வுடுவேன். வெளிய எட்னு வந்துட்டா மறுபடி நாளைக்கு தான். அப்பறம் எங்கிட்ட கத்தக் கூடாது.”

“போன தடவை நான் கத்தவே இல்லியே.”

“கத்தல தான். கேட்டாண்ட நின்ன லாரி டிரைவரு எறங்கி ஓடிட்டான்.”

அங்கே மேனேஜரின் மெயிலைத் தவிர வேறு இணையம் கிடையாது; போனையும் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பென் டிரைவைத் தனிக் கம்ப்யூட்டரில் வைரஸ் சோதனை செய்து, ஸ்டிக்கர் ஒட்டி, ரெஜிஸ்டரில் எழுதி உள்ளே விடுவார்கள். ஒரு நாளைக்கு ஒரே முறை. எதையாவது மறந்துவிட்டு வந்தால் அன்றைய நாள் போச்சு.

மேனேஜர் அறையில் அந்த அக்கா கதவோரம் நின்றிருந்தார். கான்ட்ராக்டரின் ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், மடியில் ஒரு தாள். என்னைப் பார்த்ததும் மேனேஜர் ரிப்போர்ட்டுகளை மேசையில் விரித்தார்.

“லாஜிக்கா பாருங்க மேடம். செகண்ட் ஷிஃப்ட் வருது, நைட் ஷிஃப்ட் வருது. இந்தம்மா ஷிஃப்ட் மட்டும் வரல. கம்ப்யூட்டருக்கு ஆள் பாத்து வேலை செய்யத் தெரியுமா?”

“நான் அளந்தேன் சார்,” என்றார் அக்கா. “ஒண்ணு வுடாம அளந்தேன். பழைய பொட்டில எல்லாம் வந்துகினு தானே இருந்துச்சு. இந்தம்மா வந்து மாத்துன நாள்லேந்து தான் இப்டி கீது.”

விரலை என் பக்கம் நீட்டினார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“என் ப்ரோக்ராம் மத்த ரெண்டு ஷிஃப்ட்டுக்கும் ஓடுதே.”

“அத்த நீ தான் சொல்லணும். உன் பொட்டி.”

கான்ட்ராக்டரின் ஆள் தாளை நீட்டினான். “எக்கா, இன்னாத்துக்கு பேஜாரு? கையெழுத்து போட்டா மரியாதையா அனுப்சிடுவாங்க.”

“மரியாதையான்னா எப்டிடா? மால போட்டா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு மேனேஜரிடம் சொன்னேன்: “ட்ரே நம்பர் வந்திருக்குன்னா மிஷின்லேந்து கோப்பு வந்திருக்கு சார். உள்ள அளவு இருக்கணும்.”

“காலி ட்ரேயை வெச்சாலும் கோப்பு வரும். பழைய ப்ரோக்ராம்ல, பழைய மாதிரி ரிப்போர்ட் வந்தா நம்பறேன். ரெண்டரை வரைக்கும் டைம்.”

மணி பத்தே முக்கால்.

பென் டிரைவில் இருந்ததைப் பிரித்து முதல் படியை ஆரம்பித்தேன். அந்தப் படியின் பெயர் கான்ஃபிகர். அது கம்ப்யூட்டரிடம் வரிசையாகக் கேள்வி கேட்கும். கம்பைலர் இருக்கிறதா, இந்த வசதி இருக்கிறதா, அந்த வசதி இருக்கிறதா என்று நூற்றுக்கணக்கில் வரிகள் ஓடும். நிறுவுவதற்கு ஒரு தனி ஃபோல்டரைக் காட்டியிருந்தேன். அதைச் செய்யாமல் விட்டால் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் பைத்தானோடு மோதும். அப்புறம் மூன்று ஷிஃப்ட்டும் படுத்துக்கொள்ளும். அந்த ஒரு வரியை நாலு முறை படித்துப் பார்த்துத்தான் தட்டினேன்.

அக்காவை மிஷினிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். போக இடமில்லாமல் என் பின்னால் வந்து நின்றார்.

“இன்னா ஓடுது?”

“கேள்வி கேக்குது.”

“உன்னயா?”

“கம்ப்யூட்டரை.”

“நல்லா கேக்கட்டும். என்னய தான் ஆறு நாளா கேக்குறானுங்க.”

“உக்காருங்க, இன்னும் நேரம் ஆகும்.”

“எட்டு மணி நேரம் நின்னுகினே அளக்கறவ நான். நீ உன் வேலயப் பாரு.”

இரண்டாவது படி மேக். மூலநிரலில் இருக்கும் நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒவ்வொன்றாகக் கம்பைல் செய்து ஒன்றாகக் கோக்கும். வாங்கிக் கொடுத்தது மலிவான கம்ப்யூட்டர். திரையில் வரிகள் நத்தை மாதிரி ஏறின. இடையில் நின்றுவிட்டதா, ஓடுகிறதா என்று தெரியாத மாதிரி ஒரு நிமிடம் நிற்கும். அப்போதெல்லாம் அக்கா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார். அவர் மூச்சு என் கழுத்தில் படும்.

முடிந்தபோது கடைசியில் ஒரு பட்டியல் வந்தது, இன்னின்ன துணைப் பகுதிகளைக் கட்டத் தேவையானவை கிடைக்கவில்லை என்று. எப்போதும் வருகிற பட்டியல்தானே என்று படிக்காமல் மூன்றாவது படிக்குப் போய் நிறுவினேன். பழைய நிரலை ஓட்டினேன். இரண்டே வினாடியில் நின்றது. ஸெட்லிப் என்று ஒன்று இல்லையாம்.

ஸெட்லிப் என்பது சுருக்கிய கோப்பை விரிக்கிற பகுதி. அளவு மிஷின் கோப்புகளைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. அது இல்லாத பைத்தான் எனக்கு இரும்புக் கடைக்குத்தான் சமம். அதைச் சேர்த்துக் கட்ட வேண்டுமென்றால் தேவையான கோப்புகளைத் தனியாக இறக்க வேண்டும். உள்ளே இணையம் இல்லை. வெளியே போனால் பென் டிரைவ் நாளைக்குத்தான் உள்ளே வரும்.

மணி பன்னிரண்டே கால். மேனேஜரிடம் ஓடினேன்.

“சார், இன்னொரு தடவை பென் டிரைவ் உள்ள வரணும். கேட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“ரூல் ரூல்தான் மேடம். ஆடிட்ல கேப்பாங்க.”

“அப்ப நாளைக்கு வரைக்கும் அவங்களை விடுங்க.”

“கார் கம்பெனிக்கு இன்னிக்கு மூணு மணிக்குள்ள ஆக்ஷன் என்னன்னு மெயில் போகணும். உங்க கம்ப்யூட்டர் சரியா ஓடுதுன்னு காலைல நீங்கதானே சொன்னீங்க?”

கதவைக் கொஞ்சம் வேகமாகச் சாத்திவிட்டு வந்தேன்.

அக்கா சாப்பிடப் போயிருந்தார். கான்ட்ராக்டரின் ஆளும் அவர் பின்னாலேயே கேன்டீனுக்குப் போனான் என்று அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள். நான் திரையின் முன்னால் உட்கார்ந்து மூலநிரல் ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அறிவோடு தேடவில்லை. கோபத்தில் சும்மா உட்கார முடியாமல் தேடினேன். துணைப் பகுதிகள் இருக்கும் ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டர். அதன் பெயர் ஸெட்லிப்.

அதன் முழு மூலநிரலும் அதற்குள்ளேயே கிடந்தது. இந்த மாதிரி எதுவும் இல்லாத இடத்தில் மாட்டிக்கொள்பவர்களுக்காக, பைத்தானை எழுதியவர்கள் ஒரு பிரதியைக் கூடவே வைத்து அனுப்பியிருக்கிறார்கள். பதினோரு வருடத்தில் எத்தனை முறை இதைக் கட்டியிருப்பேன். ஒருமுறைகூட உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

முதலில் ஸெட்லிப்பைக் கட்டினேன். அது நிற்கும் இடத்தை பைத்தானுக்குக் காட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து கான்ஃபிகர், மறுபடி மேக். எல்லாம் ஒழுங்காகக் கட்டப்பட்டதா என்று பார்க்க ஒரு பெரிய சோதனை உண்டு. அதற்கு நேரம் இல்லை. இந்த முறை கடைசிப் பட்டியலை எழுத்து எழுத்தாகப் படித்தேன். ஸெட்லிப் அதில் இல்லை. மணி ஒன்று நாற்பது.

அக்கா திரும்பி வந்து, முதல் முறையாக, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“போட்டுட்டேன்.”

“எதை?”

“கையெழுத்த. நீ மேனேஜரு ரூம்ல கத்துனது கேன்டீன் வரைக்கும் கேட்டுச்சு. உன்னாலயே ஆவலன்னா அப்பறம் இன்னா?”

“இன்னும் ஓட்டியே பாக்கல. அதுக்குள்ள எதுக்குப் போட்டீங்க?”

“வூட்ல ரெண்டு பேரு படிக்கிறாங்க. மரியாதையா எழுதிக் குட்தா வேற எங்கயாச்சும் சேத்து வுடறேன்னான்.”

“அவன் சேத்து விடுவான்?”

“மாட்டான். தெரியும்.”

வெளியாளான எனக்குக்கூட அந்த ஆள்மேல் எதையாவது தூக்கி அடிக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் தாள் அவன் பையில். அதை வெளியே வரவைக்க என்னிடம் இருந்த ஒரே வழி அந்த நிரல்தான். நிறுவி முடித்து ஓட்டினேன்.

கொஞ்ச நேரம் எதுவுமே வரவில்லை. பிறகு திங்கட்கிழமையின் முதல் ட்ரே வந்தது. ஐம்பது வரி, ஐம்பது அளவு. அடுத்தது. அதற்கடுத்தது. செவ்வாய், புதன் என்று வந்துகொண்டே இருந்தது. வெற்று வரி ஒன்றுகூட இல்லை. செவ்வாய்க்கிழமை ட்ரே ஒன்றில் ஒரே ஒரு துண்டு தள்ளுபடி என்று காட்டியது.

“அது பிசிறு இருந்த பீஸு,” என்றார் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “தள்ளி வெச்சேன். சிவப்பு டப்பால போய் பாரு, இன்னும் கெடக்கும்.”

ஆறு நாளும் அச்சாகி முடிந்தபோது மணி இரண்டு ஐந்து. மேனேஜரை அழைத்து வந்தேன். தாள்களைப் புரட்டினார். இரண்டு ட்ரேயை எடுத்து வரிகளை எண்ணிப் பார்த்தார். அவர் பின்னாலேயே கான்ட்ராக்டரின் ஆளும் வந்து நின்றான்.

“அப்ப புதுசுல ஏன் வரல?”

அதை நான் காலையிலேயே கேட்டிருக்க வேண்டும். புதிய நிரலில் நான் ஒரு வரி எழுதியிருந்தேன்: ஏதாவது கோப்பைப் படிக்க முடியாவிட்டால் சத்தம் போடாமல் அடுத்ததற்குப் போ. நிரல் பாதியில் நின்றால் எனக்குத்தான் போன் வரும் என்று எழுதிய வரி அது. அந்த வரியை எடுத்துவிட்டு ஓட்டினேன். பிழை உடனே வந்தது. மிஷினில் ஆபரேட்டர் குறிப்பு எழுதும் கட்டத்தில் ஆங்கிலம் அல்லாத ஒரு எழுத்து, படிக்கத் தெரியவில்லை என்றது. அது எந்த எழுத்து என்று பார்த்தேன்.

உ.

பிள்ளையார் சுழி. ஒவ்வொரு ட்ரேயின் முதல் வரியிலும், குறிப்புக் கட்டத்தில், தமிழில் ஒரே ஒரு உ. பழைய பைத்தான் எழுத்து எதுவாக இருந்தாலும் வெறும் எண்களாக வாங்கிக் கடத்திவிடும். புதியது ஒவ்வொன்றும் என்ன எழுத்து என்று தெரிந்தால்தான் நகரும். எப்படித் தெரிந்துகொள்வது என்று நான்தான் அதற்குச் சொல்லித் தர வேண்டும். நான் சொல்லவில்லை. நானே ஆங்கிலத்தில் தட்டிய கோப்பை வைத்துச் சோதித்துவிட்டுப் போய்விட்டேன். மற்ற ஷிஃப்ட் ஆண்கள் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுகிறார்கள், அதனால் தப்பித்தார்கள்.

அந்த வரியைக் காலையிலேயே எடுத்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். எடுக்கவிடாமல் தடுத்தது என் திமிர். வேறு எதுவும் இல்லை.

“இது எதுக்கும்மா போட்ட?” என்றார் மேனேஜர்.

“புது ட்ரே ஆரம்பிச்சா போட வேணாமா? பேப்பர்ல அளவு எழுதுன நாள்லேந்து போடறேன். சார் டைரிலயும் தான் கீது, மொத பக்கத்துல.”

மேனேஜர் டைரியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். “ஓகே. காரணம் கெடச்சாச்சு. ஆபரேட்டர் தேவையில்லாத எழுத்தைப் போட்டதால சிஸ்டம் படிக்கல. அப்படியே ஒரு மெயில் போட்டுடுங்க மேடம். யாருக்கும் பிரச்சினை இல்ல. இனிமே போடக் கூடாதுன்னு நான் ஒரு சர்க்குலர் விட்டுடறேன்.”

கொஞ்ச நேரம் அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. அக்காவின் வேலையும் தப்பும், எங்கள் கடையின் ஒப்பந்தமும் தப்பும், என் பெயரும் தப்பும். அவர் நீட்டிய லேப்டாப்பின் கீபோர்டில் விரலை வைத்தும்விட்டேன். பக்கத்தில் அக்கா உட்கார்ந்து என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆபரேட்டரின் தவறு என்று ஒரு மெயில் இருந்தால் அடுத்த முறை எது நடந்தாலும் முதலில் அதைத்தான் எடுப்பார்கள். ஏழரை மணிக்கு நான் சொன்ன பதிலை எடுத்தார்களே, அந்த மாதிரி.

“இல்ல சார். குறிப்புக் கட்டத்துல எது வேணா எழுதலாம். அதுக்குத்தான் கட்டம். படிக்கத் தெரியாத ப்ரோக்ராம் எழுதினது நான். படிக்க முடியலன்னு சொல்லாம மறைக்க வெச்சதும் நான்.”

“உங்க ஓனர்கிட்ட கேட்டுட்டு எழுதுங்க.”

“அவர் எழுதல சார் ப்ரோக்ராமை.”

நான் சொன்னதை அப்படியே மெயிலாக எழுதினேன். மேனேஜர் இரண்டு முறை படித்துவிட்டுத் தலையாட்டினார். கான்ட்ராக்டரின் ஆளிடம் கை நீட்டி, “அதைக் குடுத்துடு” என்றார். அவன் பையிலிருந்து தாளை எடுத்து அக்காவிடம் கொடுத்தான். “எக்கா, நான் நல்லதுக்குத் தான்…” என்று ஆரம்பித்தான். அக்கா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. தாளைக் கிழிக்கவும் இல்லை. எட்டாக மடித்து ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டார்.

நான் புதிய நிரலில் இரண்டு வரியைத் திருத்தி ஓட்டினேன். உ-வும் வந்தது, அளவும் வந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து வயரைச் சுற்ற ஆரம்பித்தேன்.

“மெயில யாரு படிப்பா?” என்றார் அக்கா.

“மேனேஜர், கார் கம்பெனி…”

“ஆறு நாளா கேன்டீன்ல எம் பக்கத்துல ஒருத்தி உக்காரல. பஸ்ல இடம் போட்டு வெக்கிறவ வெக்கல. அவளுங்க உன் மெயில படிப்பாளுங்களா?”

“என்ன செய்யணும்?”

“எழுது. தமிழ்ல எழுது. பஞ்சிங் மிஷினாண்ட ஒட்டு.”

மேனேஜர் வாயைத் திறந்தார். நான் அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். பிரின்டரிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மார்க்கரால் எழுதினேன். கம்ப்யூட்டர் மாற்றியபோது நான் செய்த தவறால் காலை ஷிஃப்ட்டின் அளவுகள் சில நாட்களாக ரிப்போர்ட்டில் வரவில்லை, அந்த ஷிஃப்ட்டில் எல்லாத் துண்டுகளும் ஒழுங்காக அளக்கப்பட்டிருக்கின்றன, தவறு முழுக்க என்னுடையது என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.

இரண்டரை சங்கு ஊதியது. போகிற ஷிஃப்ட்டும் வருகிற ஷிஃப்ட்டும் வருகை பதியும் பஞ்சிங் மிஷின் அருகில் கலந்து நிற்கிற நேரம். செல்லோ டேப்பால் தாளை ஒட்டினேன். பின்னால் யாரோ ஒரு பெண் சத்தமாகப் படித்தாள். யாரோ “அட, அப்டியா” என்றார்கள். யாரோ என்னைப் பெயர் தெரியாமல் திட்டினார்கள். நன்றாகக் காதில் விழுந்தது.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உதடு அசைய, வார்த்தை வார்த்தையாகப் படித்தார். ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

“சில நாள்னு போட்டுகீற.”

“ஆமா.”

“சில நாள் இல்ல. ஆறு நாள். அடிச்சிட்டு எழுது.”

மார்க்கரைத் திறந்து, சுவரில் ஒட்டியிருந்த தாளிலேயே ‘சில’ என்பதை அடித்துவிட்டு மேலே ‘ஆறு’ என்று எழுதினேன். அவர் மறுபடி முதலிலிருந்து கடைசி வரை படித்தார். அதற்குப் பிறகுதான் போய் பஞ்ச் அடித்தார்.